மரத்தார் நட்ட ஒன்பது பிழை மரங்கள்

டென்மார்க்கில் நம்மவர்கள் செய்யாதது என்று ஒன்றும் இல்லை. வீடு வாங்கினார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளைகளை டொக்டராக்கினார்கள். ஆனால் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த டெனிஷ்காரர், தமிழர், ஆப்கான்காரர் அத்தனை பேரையும் மரம் மரமாகப் பிரித்து வைத்தவர் இந்த ராச்சியம் முழுவதிலும் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மரத்தார்.

அவருக்கு வேறொரு பெயரும் இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கிரின்ஸ்டெட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவர் போர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் அதே தொழிற்சாலையில் மூடிகளைப் பெட்டியில் அடுக்கினேன், இன்றும் அடுக்குகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையெழுத்துப் போடச் சொல்லி யார் எந்தக் கடதாசியை நீட்டினாலும் எனக்குப் பயம். இதை எழுதும்போதும் பயம்தான். கொமூன் என்கிற நகரசபை அதிகாரிகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எல்லாம் இடைவேளை அறையில் கிடந்த ஒரு பழைய டெனிஷ் வாரப் பத்திரிகையால் வந்தது. பன்றி இறைச்சிச் சமையல் குறிப்புக்கும் கம்பளிச் சட்டை பின்னும் படத்துக்கும் நடுவில் ஒரு பக்கம். ஐரோப்பாவின் பழைய சனமான கெல்ட்டுகள் வருடத்தைப் பதின்மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம் வைத்தார்களாம். நீங்கள் பிறந்த தேதிக்கு எந்த மரமோ, அதன் குணம்தான் உங்கள் குணம். மற்றவர்கள் அந்தப் பக்கத்தில் மீன் பாண் சுற்றியிருப்பார்கள். மரத்தார் அதை வெட்டி எடுத்து, அலுவலக மெஷினில் லமினேட் பண்ணி, வேலைச் சட்டைப் பையில் விபூதிச் சரை போல வைத்துக்கொண்டார்.

"எங்கட ஆக்களிட்டையும் இருக்குத் தம்பி," என்றார் என்னிடம். "ரோகிணிக்கு நாவல், கார்த்திகைக்கு அத்தி. அங்கையும் மரம், இஞ்சையும் மரம். இந்தக் கெல்ட்டுக்காரர் ஆரெண்டு நினைக்கிறாய்? எங்கையோ எங்களோட கூடித் திரிஞ்ச சனம்தான்."

உயர்வகுப்பில் படித்த அவருடைய மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, அது பழசே இல்லை. போன நூற்றாண்டில் ஒரு கவிஞர் யோசித்துச் செய்தது," என்று டெனிஷில் சொல்லியிருக்கிறாள். மரத்தார் மறுநாள் காலை கன்ரீனில் அறிவித்தார். "கவிஞன் செய்ததாம். அப்ப இன்னும் நல்லது. கண்டவன் செய்ததெண்டாலெல்லோ யோசிக்கவேணும்."

அதன் பிறகு தொழிற்சாலை அவர் கையில். வில்லோ மரத்தில் பிறந்தவர்களை வெட்டும் மெஷினில் நிற்பாட்டக்கூடாது, மனம் இளகியவர்கள் என்பார். பக்கிங் பகுதியில் இருந்த கியர்ஸ்டன் என்ற டெனிஷ் அம்மாவிடம், "நீ ஹோலி மரம். இலையெல்லாம் முள்ளு. அதுதான் ஒருத்தரும் உனக்குப் பக்கத்தில இருக்கிறதில்லை," என்று முகத்துக்கு நேரே சொன்னார். நான் மேசைக்குக் கீழே போய்விடலாமா என்று பார்த்தேன். கியர்ஸ்டன் எழும்பி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நாற்பது வருடத்தில் தன்னை ஒழுங்காகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தானாம்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கோல்டிங்கிலிருந்து தினமும் கார் ஓடி வரும் குமாருக்கு வந்தது நாணல்.

"அண்ணை, என்ன பகிடியோ? இது மரமே இல்லை, புல்லு!"

"கெல்ட்டுக்காரன் புல்லுக்கும் மரியாதை குடுத்தவன். நீ குடுக்கமாட்டியோ?"

"நீங்கள் இவனுக்கு ஓக் குடுத்தனீங்கள், அவளுக்கு ஹோலி குடுத்தனீங்கள். எனக்கு மட்டும் பாய் இழைக்கிற சாமானோ?"

"காத்தடிச்சால் ஓக் முறியும். நாணல் முறியாது. உன்ர கார் வீதியில எத்தினை தரம் சறுக்கினது? நீ முறிஞ்சனியோ?"

குமார் யோசித்துப் பார்த்தான். முறியவில்லை. அன்றிலிருந்து அவனும் அடங்கினான்.

எங்கள் மேலாளர் மொர்டனின் நிலைமை அதைவிட மோசம். அவர் பிறந்தது டிசம்பர் இருபத்திமூன்று. இருபத்தெட்டு நாளாகப் பதின்மூன்று மாதமும் முடிந்து ஒரு நாள் மிஞ்சுமே, அந்த நாள். அந்த அட்டவணையில் அதற்கு மரமே கிடையாது. "உனக்கு ஒண்டுமில்லை," என்று மரத்தார் கையை விரித்துக் காட்டினார். எழுபது பேரை வேலை வாங்கும் மனிதர் அந்த வருடம் முழுக்க மரத்தாரின் பின்னால் அலைந்தார். ஒரு சின்னப் பற்றையாவது இருக்குமா என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

மரத்தார் தானும் சும்மா மரமில்லை. அவர் ஹூல் மரம். வெள்ளைப் பூவும் கறுத்தக் குட்டிப் பழமுமாக இங்கே வேலிக்கு வேலி நிற்குமே, அது. அந்த மரத்துக்குள் ஒரு தாய் இருக்கிறாள், அவளைக் கேட்காமல் கொப்பு வெட்டினால் வீட்டில் நிம்மதி இராது என்று பழைய டெனிஷ்காரர்கள் நம்பினார்கள். மரத்தார் அவளுக்கு ஹூலம்மா என்று பெயர் வைத்துத் தன் சொந்தக்காரியாக்கிக்கொண்டார். ஒரு நாள் தோட்டக்காரர் ஒருவர் மரம் அரியும் மெஷின் வாளோடு வந்து, புகைபிடிக்கும் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற ஹூலில் கை வைக்கப் போனார். அடுத்த நிமிடம் மரத்துக்கும் அவருக்கும் நடுவில் போர்க்லிஃப்ட் வந்து நின்றது.

"முதல் கேள்," என்றார் மரத்தார் டெனிஷில்.

"யாரை?"

"அவவை."

வேலையிடத்தில் வாகனத்தை வைத்து மறிப்பது எத்தனை சட்டத்துக்கு விரோதம் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். தோட்டக்காரர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை மட்டும் பேசும் இந்தப் பக்கத்து யூட்லண்ட்காரர். அவர் வாளை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். தன் தாத்தாவும் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார் என்றார். பிறகு மரத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு நின்றார்.

"மறுமொழி வந்ததோ?"

"வரவில்லை."

"அப்ப போட்டு நாளைக்கு வா."

அவர் உண்மையாகவே போய்விட்டு அடுத்த நாள் வந்தார். எங்கள் ஆள் ஒருவர் டெனிஷ்காரருக்கே அவர்களுடைய மரத்தைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. யாராவது புகார் எழுதிவிடுவார்களோ என்று அடுத்த நிமிடமே குனிந்தது. ஆனால் வீட்டில் மனைவியிடம் சொன்னபோது நிமிர்ந்தபடிதான் சொன்னேன்.

இவ்வளவும் சிரிப்பு. இனித்தான் எனக்கு நித்திரை போன கதை.

மரத்தாரின் சாத்திரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்குத் தேதி வேண்டும், சரியான தேதி. எங்கள் தொழிற்சாலையில் அதுதான் தட்டுப்பாடு. அகதியாக வந்து பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஜனவரி முதலாம் தேதி என்று எழுதிவிட்டிருந்தார்கள். எங்களில் சிலருக்கோ ஏஜென்ட் தந்த பாஸ்போட்டில் இருந்த யாரோ ஒருவருடைய தேதி. "பாஸ்போட்டில இருக்கிறதையே சொல்லு, மாத்திச் சொன்னியோ திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்று ஏஜென்ட் சொன்னதை நான் இன்று வரை வேதமாக வைத்திருக்கிறேன். கடதாசியில் நான் டிசம்பர் இருபத்தெட்டில் பிறந்தவன். இரண்டு வயதும் குறைவு. ஒவ்வொரு டிசம்பரிலும் மேசையில் சின்ன டெனிஷ் கொடி வைத்து, பாண் வாங்கிக் கொடுத்து, எல்லோரும் எனக்காகப் பாடும்போது களவெடுத்தவன் போல இருப்பேன்.

மரத்தார் கடதாசித் தேதியை ஏற்கமாட்டார். "அது கொமூனுக்கு. மரத்துக்கு உண்மைத் தேதி வேணும்." ஜனவரி முதலாம் தேதிக்காரனான நசீரின் தாயோடு வீடியோவில் கதைத்து, மகன் பிறந்தது மல்பெரிப் பழம் பழுத்த கிழமை என்று கண்டுபிடித்து, ஆப்கானிஸ்தானில் அது எப்போது பழுக்கும் என்று விசாரித்து, அவனுக்கு மரம் சொன்னார். நசீர் அழுதுவிட்டான். அவனுக்கு அப்போது வயது ஐம்பதுக்குக் கிட்ட. என்னிடமும் ஒரு நாள் கார் நிற்பாட்டுமிடத்தில் வைத்துத் தேதியைக் கறந்துவிட்டார். மே மாதக் கடைசி, அதற்கு மேல் நீங்கள் கேட்காதீர்கள். என் மரம் ட்யோர்ன், முள்ளும் வெள்ளைப் பூவுமான வேலி மரம்.

அப்படியிருக்க மொர்டன் ஒரு யோசனை சொன்னார். கார் நிற்பாட்டுமிடத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் வெறும் நிலத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரவர் மரத்தை நடுவோம், தனக்கும் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்கிறேன் என்றார். பட்டியல் தரும் பொறுப்பு மரத்தாருக்கு. எழுபது பேருடைய பெயரும் மரமும் எழுதி அவர் அலுவலகத்தில் கொடுத்தேவிட்டார்.

செய்தி கேட்டதும் நான் கணக்குப் போட்டேன். அலுவலகத்தில் எல்லோருடைய பிறந்த தேதியும் இருக்கிறது. மரத்தைத் தேதியோடு ஒத்துப் பார்த்தால் முடிந்தது. அலுவலகத்திலிருந்து கொமூனுக்கு, கொமூனிலிருந்து போலீசுக்கு, போலீசிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு. அன்று வேலை முடிந்ததும் மரத்தாரைக் கார்க் கதவோடு மறித்தேன்.

"அண்ணை, என்ர பேருக்கு நேர பியர்க் எண்டு மாத்தி எழுதிவிடுங்கோ." பியர்க் என்றால் வெள்ளைப் பட்டை மரம். டிசம்பர் இருபத்தெட்டுக்கு அதுதான்.

"பொய் மரம் நடச் சொல்லுறியோ?"

"எனக்குப் பிள்ளையள் இருக்கு அண்ணை."

"இத்தினை வருசத்தில நான் ஒருத்தருக்கும் பிழை மரம் சொன்னதில்லை, தெரியுமோ?"

"தெரியும். அதுதான் பயமாக் கிடக்கு."

"உன்ர தேதியை நான் எழுதேல்லை. மரம் மட்டும்தான் எழுதினனான். மொர்டன் கண்டுபிடிப்பனெண்டு நினைக்கிறியோ? அவனுக்கு மரமே இல்லை!"

கார்க் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மொர்டன் கண்டுபிடித்தார். மரமில்லாதவருக்கு மற்றவர்களுடைய மரத்தில் இருக்கும் கவனம் நமக்கு வராது. புதன்கிழமை காலை, எழுபது பேரும் கோப்பியோடு இருக்கும்போது, ஒரு கையில் மரத்தாரின் பட்டியலும் மறு கையில் அலுவலகத் தேதிப் பட்டியலுமாக வந்து நின்றார். ஒன்பது பேருக்கு மரம் பொருந்தவில்லை, எப்படி என்று கேட்டார். கோபமில்லை. கணக்கில் நேர்த்தியான மனிதர், அவ்வளவுதான். ஒவ்வொரு பெயராக வாசித்தார். நசீருடைய பெயர் வந்தது. என் பெயர் வந்தது.

நான் மரத்தாரைப் பார்க்கவில்லை, என் கோப்பியைப் பார்த்தேன். தன் சாத்திரத்தை ஒருவர் பிழை என்றால் அரை நாள் நின்று வாதாடும் மனிதர் அவர். இப்போது வாயைத் திறப்பார், உண்மையைச் சொல்வார், அதோடு நாங்கள் ஒன்பது பேரும் தொலைந்தோம்.

மரத்தார் எழும்பினார். சட்டைப் பையிலிருந்து அந்த லமினேட் பண்ணிய பக்கத்தை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, அதை நீண்ட நேரம் பார்த்தார்.

"எனக்குப் பிழைச்சுப் போச்சு," என்றார் டெனிஷில்.

"ஒன்பது பேருக்குமா?"

"ஒன்பது பேருக்கும். எனக்கு எண்ணத் தெரியாது. பள்ளிக்கூடம் ஒழுங்காய்ப் போகேல்லை."

பின் மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "அப்படியென்றால் எங்களுக்குச் சொன்ன மரமெல்லாம்?" என்று கேட்டார். "அதுவும் பிழையாய் இருக்கும்," என்றார் மரத்தார். இன்னும் சில பேர் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பெரிய பாடசாலையில் கணக்கில் பரிசு வாங்கிய மனிதர் அவர். அது எனக்குத் தெரியும், குமாருக்கும் தெரியும். குமார் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியானால் இவர்களுக்குத் தேதிப்படி உள்ள மரத்தை வாங்கவா?" என்றார் மொர்டன்.

அங்கேதான் மரத்தார் மரத்தாராக இருந்தார். "வேண்டாம். எழுதினது எழுதினபடி நடு. மரத்துக்குத் தேதி தெரியாது."

மொர்டன் அவரைப் பார்த்தார். பிறகு எங்கள் ஒன்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். தேதிப் பட்டியலை நாலாக மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கோப்பி ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமை மொர்டனுக்கு ஒன்றையும் சேர்த்து எழுபது குழி வெட்டினோம். குமாருடைய நாணலுக்குத் தனியாக ஒரு சின்னக் குளமும்.

அதன் பின்னும் சில பேர் மரத்தாரை எண்ணத் தெரியாதவர் என்று பகிடி பண்ணினார்கள். ஓய்வு பெறும் நாள் வரை அவர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. இடையிடையே கியர்ஸ்டன் மட்டும் முள்ளை நிமிர்த்திக்கொண்டு அவர்களோடு சண்டை பிடித்தாள்.

இப்போது அவர் கோல்டிங்கில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஒன்பது மரமும் உயிரோடு நிற்கின்றன. நசீருடைய மரத்தின் கீழ் உட்கார அவனே ஒரு வாங்கு செய்து போட்டிருக்கிறான். என் ட்யோர்ன் மே மாதக் கடைசியில், சரியாக அந்தக் கிழமை, ஒரு இலை தெரியாமல் வெள்ளையாகப் பூக்கிறது. அலுவலகத்தில் யாருக்கும் அது ஏன் எனக்கு விசேஷம் என்று தெரியாது. இடைவேளையில் அதன் பக்கத்தில் நின்று அவருக்குத் தொலைபேசி எடுப்பேன்.

"அண்ணை, பூத்திருக்கு."

"ஓம், பூக்கும்தானே. எத்தினை வயசு உனக்கு இப்ப?"

"அறுபத்திமூண்டு."

"சரியாச் சொல்லு."

சுற்றிப் பார்ப்பேன். ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"அறுபத்தஞ்சு அண்ணை."

"அதெல்லோ," என்று சொல்லி வைத்துவிடுவார்.

இந்த நாட்டில் என் சரியான வயதை நான் வாய்விட்டுச் சொல்வது அவர் ஒருவரிடம்தான். சொல்லும்போது எனக்குப் பயமே வருவதில்லை.