எட்டுக் குரல் ஊளை

மாடி அறையில் திடீரென்று கிளம்பிய ஊளையில் சமையலறைக் கோப்பைகள் கிடுகிடுத்தன. பெரில் தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டு மேலே ஓடினார்.

அவர் கணவர் கிளிஃபோர்டு இசைக்கருவியின் கட்டையிலிருந்து விரலை எடுத்தும் ஊளை நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். உடனே பக்கத்து வீட்டுச் சுவரில் டொக், டொக்.

"பார்த்தியா? நிறுத்தின பிறகு தட்டுறான். இதுக்குப் பேரு மரியாதையா?"

எட்டுச் சுரங்களை ஒரே நேரத்தில் எழுப்பும் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை வீட்டிலேயே செய்யலாம் என்று ஒரு மாதப் பத்திரிகை தொடர் போட்டது. எழுதியவரின் புனைபெயர் 'டெஸிபல்'. அதை நம்பி, பெரிலின் பியானோவை விற்று உதிரிப் பாகங்கள் வாங்கினார் கிளிஃபோர்டு. சனிக்கிழமை மகள் ஜானிஸின் கல்யாணத்துக்கு வாசிக்கப் போவது தான்தான் என்பதால், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரையும் வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு வேறு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

முதல் மாதம் பத்திரிகைப் படத்தில் இருந்தபடியே கம்பிகளைப் பற்றவைத்தார். கருவி விக்கியது. அடுத்த இதழின் மூலையில், இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டன, வருந்துகிறோம் என்று ஒரு கட்டம். மாற்றினார். விக்கல் நின்று சீட்டி அடித்தது. மறு இதழில் இன்னொரு வருத்தம். அதையும் சரிசெய்தார்; புகை வந்து ஜன்னல் திரை கருகியது. காரசாரமாக எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. இன்று காலை வந்த திருத்தத்தின் பலன்தான் இந்த ஊளை.

"இந்த டெஸிபல் ஒரு தடவையாவது கட்டிப் பார்த்திருப்பானா?"

"கட்டிப் பார்க்காமலா போடுவாங்க? அவருக்கு ஒழுங்கா பாடியிருக்கும். உங்க கை அப்படி."

"என் கையா?"

"ஜானிஸ் இந்த ஊளையைக் கேட்டுக்கிட்டா நடந்து வரணும்?"

அதற்கு மேல் கிளிஃபோர்டால் பொறுக்க முடியவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கொட்டகையில் எறியப் படியிறங்கினார். வாசல் மணி அடித்தது. குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மிசஸ் ஆர்மராட், மாவுக் கையோடு நின்றிருந்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்று முந்திக்கொண்டார் கிளிஃபோர்டு. "இது குப்பைக்குப் போகுது. உங்க வீட்டுக்காரர் இனிமே சுவரைத் தட்ட வேண்டியதில்லை."

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்படிச் செஞ்சுடாதீங்க மிஸ்டர் ஹாட்ஃபீல்ட். அந்த ஊளையை இன்னொரு தடவை சுவர் வழியா கேட்டாத்தான் அவர் அடுத்த மாசத் திருத்தத்தை எழுத முடியும்."