மாமனாருக்கு ஊற வைத்த தக்காளி

எந்த விதியையும் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் எனக்குக் கீழே இருந்த குமாஸ்தாக்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியிருக்கிறேன். அவர்கள் யாரும் என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் பேசியதில்லை. அந்த வகையில் நான் பாக்கியசாலி.

அப்போது காஞ்சிபுரம் பத்திரப்பதிவு ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பொன்னுசாமி முதலியார் என்ற நெசவுக்காரர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். கல்யாணமாகியும் மனைவி வேதவல்லி திருப்புட்குழியில் பிறந்தகத்திலேயே இருந்தாள். "வீட்டையும் உங்க குடித்தன லட்சணத்தையும் பார்த்துட்டுத்தான் பெண்ணை விடுவேன்" என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கோயில் கைங்கரியம் செய்பவர், ஆசாரசீலர். அவர் பெண்ணோடு வருவதாகச் சொல்லி அனுப்பிய நாள் ஏகாதசி. அன்று அவருக்குப் பழமும் பாலும்தான் ஆகாரம்.

எனக்கோ ஒரே சந்தோஷம். கொல்லையில் சீமைத் தக்காளி பழுத்துத் தொங்கியது. சென்னையிலிருந்து விதை வாங்கிவந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. அந்தக் காலத்தில் எங்கள் மனிதர்கள் அதை அடுப்படிக்குள் விடமாட்டார்கள். (இன்று அதே மனிதர்கள் தக்காளி இல்லாவிட்டால் ரசமே வைப்பதில்லை. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?) முதலியாரும் தறியில் உட்கார்ந்தபடியே கேலி செய்வார்.

"இன்னா சாமி, ரத்தக் கலர்ல காய்ச்சிக்கினு இருக்குதே, இதையா துன்னப் போறே?"

"இது காய் இல்லை முதலியாரே, பழம்."

"பழம்னா கோயில்ல வெச்சு நைவேத்தியம் பண்ணேம்பா, பார்ப்போம்!"

என்னிடம் ஓர் ஆங்கிலச் சமையல் புத்தகம் இருந்தது. தக்காளியை நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, உடனே பரிமாற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அந்த 'உடனே' எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரனுக்குப் பொறுமை கிடையாது, மாங்காயை ஊற வைத்து ருசி கண்ட நமக்குத் தெரியாததா என்று தீர்மானித்தேன். விடியற்காலையிலேயே நறுக்கி, கைநிறைய உப்பைப் போட்டு, என்னிடம் இருந்த ஒரே பெரிய பாத்திரமான பித்தளைச் சட்டியில் மூடி வைத்தேன். அதன் ஈயப் பூச்சு எப்போதோ தேய்ந்து போயிருந்தது. புளிப்பு பட்டால் பித்தளை களிம்பேறும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது புளிக்கும் மோருக்கும் உள்ள விதி. பழத்துக்கு அல்ல என்று நினைத்தேன். அந்தத் தெம்பில் வாழைப்பழம்கூட வாங்கி வைக்கவில்லை.

உச்சி வெயிலில் வேதவல்லியும் சீர்ப் பாத்திரங்களுமாக வண்டி வந்தது. மாமனார் பசியோடு இறங்கி, கைகால் அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டியைத் திறந்தேன். தக்காளி குளமாகியிருந்தது. துண்டுகள் தோலும் விதையுமாக மிதந்தன. ஓரத்தில் லேசாகப் பச்சை. தண்ணீரை வடித்துவிட்டு, மிளகுத்தூளை இன்னும் கொஞ்சம் தூவி இலையில் வைத்தேன்.

"என்னது இது?"

"பழம். சாஸ்திரப்படி பழம்தான்."

"எந்த சாஸ்திரம்?"

"தாவர சாஸ்திரம்."

"அதுல ஏகாதசி உண்டோ?" என்று கேட்டுக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டார்.

அந்த முகத்தை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. எழுந்து கொல்லைக்கு ஓடினார்.

"உப்பு! ஏகாதசியும் அதுவுமா உப்பு! போதாததுக்குக் களிம்பு வேற!"

"உப்பு தானியம் இல்லையே. தானியம்தானே கூடாது..." என்று நான் விதியை எடுத்துரைத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

சுவருக்கு அந்தப்புறம் தறிச் சத்தம் நின்றது. "இன்னா சாமி, மாமனாருக்கு இன்னாத்தக் குடுத்தே? துப்பிக்கினே இருக்காரே!"

மாமனார் வாய் கொப்பளித்து முடித்துத் திரும்பினார். "வேதம், பாத்திரத்தையெல்லாம் திரும்ப வண்டியில ஏத்து. ஒரு பழத்தை உருப்படியாக் கொடுக்கத் தெரியலை. இவரை நம்பி உன்னை எப்படி விடறது?"

வேதவல்லியைத் தேடினேன். அவள் தக்காளிச் செடியருகே நின்றிருந்தாள். வெயிலில் சூடேறிய ஒரு பழத்தைப் பறித்து முந்தானையில் துடைத்து அப்படியே கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது.

"அப்பா, பழம் நன்னாத்தான் இருக்கு. கெடுத்தது இவர்தான்."

"அதைத்தானே நானும் சொல்றேன், கிளம்பு."

"அதனாலதான் நான் இருக்கேங்கறேன். தனியா விட்டா இவர் இன்னும் என்னத்தையெல்லாம் ஊற வெப்பாரோ, யார் கண்டா?"

மனைவி என்னிடம் தங்குவதற்குச் சொல்லப்பட்ட ஒரே காரணம் இதுதான். மாமனார் அவளையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். பசி வேறு. அவள் நீட்டிய பழத்தை வாங்கி, சந்தேகத்தோடு கடித்தார். பிறகு சந்தேகமில்லாமல் இன்னொன்று. செடியில் பழுத்ததெல்லாம் தீர்ந்த பிறகு வண்டி ஏறினார், பெண்ணை விட்டுவிட்டு. அடுத்த ஏகாதசிக்குப் பழம்கூட இல்லாமல் முழுப்பட்டினி கிடந்து, உப்புத் தின்ற பாவத்தை என் பேரில் எழுதச் சொல்லிப் பெருமாளிடம் பிரார்த்தித்தாராம்.

சில நாள் கழித்து மறுபடி பழுத்தபோது வேதவல்லி ஒன்றைப் பறித்து நறுக்கி, துளி உப்பும் மிளகும் தூவி, தட்டை என் முன் தள்ளினாள். "உடனே சாப்பிடுங்கோ." உப்பு பட்டதும் புளிப்பு அடங்கி, உள்ளேயிருந்து ஓர் இனிப்பு கிளம்பியது. புத்தகத்திலிருந்த அதே செய்முறை, எழுத்துப் பிசகாமல். அவள் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. இன்றுவரை உறவினர் வட்டாரத்தில் அதற்குப் பெயர் 'வேதவல்லி தக்காளி'.

என் பெயருக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது கடிதத்துக்குப் பதில் போடாமலோ, வரன் வீட்டாருக்குச் சம்மதம் சொல்லாமலோ இழுத்தடித்தால், "அப்பா மாதிரி ஊற வெக்காதே" என்கிறார்கள். போன மாதம் புது மாப்பிள்ளை, வந்து முழுதாக ஒரு வாரம் ஆகவில்லை, அதை என் முன்னாலேயே சொன்னார். விளக்கம் கேட்காமலே எல்லோரும் சிரித்தார்கள். விதியை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் தக்காளித் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.