மேல்மாடிக் கோட்டுக்காரர்களின் ரசிகர்

இந்த உலகத்தில் ஐஸ் ஹொக்கி பார்த்தவர்களில், பனித்தரையை ஒருமுறைகூடப் பார்க்காதவர் எங்கள் ஜீ.எம். ஒருவர்தான். விளையாடுகிறவர்களில் ஒருவரின் பெயரும் அவருக்குத் தெரியாது. ஆனால் அணிகளை நடத்தும் ஜெனரல் மனேஜர்கள், அவர்களுக்கு உதவியாக இருப்பவர்கள் என்று மேல்மாடியில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் சொந்தக்காரர்போலத் தெரியும். அதனால்தான் ஜீ.எம். என்று பெயர் வந்தது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கூச்சம்.

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் மொன்றியலில், வில்லரே என்ற பகுதியில் ஒரு வீட்டில் யாழ்ப்பாணத்து ஆண்கள் ஆறு பேர் இருந்தோம். டீவியில் ஆட்டம் நடந்தால் அவர் திரையில் மூக்கு முட்டக் குந்தியிருப்பார்.

"எடேய், அந்த ரப்பர் வட்டை ஏன் பாக்கிறாய்? மேலை கண்ணாடிக்குப் பின்னாலை இருக்கிறவன்ரை முகத்தைப் பார். கன்னம் ஒட்டிப்போச்சு. பொங்கலுக்கு ஆள் இருக்கமாட்டான்."

பொங்கலுக்கு முன்பே ஆளை அனுப்பிவிடுவார்கள். அன்று ஜீ.எம். சாப்பிடமாட்டார். மறுநாள் துக்கத்துக்குக் கறுப்பு டை கட்டிக்கொண்டு வேலைக்கு வருவார்.

எங்கள் நகரத்து அணியே தொடர்ந்து தோற்று, தன் ஜெனரல் மனேஜரை அனுப்பியபோது அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணை, தோத்தது விளையாடினவங்கள். இவர் என்ன செய்தவர்?"

"இருபது பேரையும் வீட்டை அனுப்பிப்போட்டு நாளைக்கு ஆரைக் கொண்டு விளையாடுறது? சனமோ கத்துது. முதலாளி ஏதாவது செய்து காட்டவேணும். மேலை ஒருத்தனை மாத்தினால் சனம் கொஞ்ச நாளைக்கு வாயை மூடும். அந்தக் கொஞ்ச நாளுக்குள்ளை அணி தலையெடுத்தாலும் எடுக்கும்."

"எடுக்காட்டி?"

"புதுசா வாறவனும் போவான். அதுக்குத்தானேடா அவனுக்குக் கோட்டு."

இந்தச் சட்டத்தை அவர் வீட்டிலும் நடத்தினார். ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து கறியில் உப்புக் கூடிவிட்டது. சமைத்தவரை ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைப் பொறுப்பாளர் என்று என்னை எப்போதோ நியமித்திருந்தாராம், என்னை நீக்கினார்.

"அண்ணை, நான் சட்டியைத் தொடவேயில்லை."

"ஓம், தெரியும். ஆனா பொறுப்பு உனக்கு."

அடுத்த நாளும் அதே உப்பு. ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் வேலை செய்தது, அஹுன்ட்சிக்கில் குளிர் ஜாக்கெட் தைக்கும் ஒரு ஃபக்டரியில். அயன் பண்ணும் பகுதிக்கு அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே என்னோடு சேர்த்து ஏழு பேர். என் மனைவியும் மகளும் சண்டையில் இடம்பெயர்ந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒடுங்கிக் கிடந்தார்கள். அவர்களைக் கூப்பிட, நான் இன்னும் வேலையில் இருக்கிறேன் என்று முதலாளி எழுதும் கடிதம் வேண்டும்.

அந்த மாரியில் ஒரு நீராவி அயன் அளவுக்கு மேல் சூடாகத் தொடங்கியது. ஜாக்கெட்டுகளில் பளபளவென்று தழும்பு விழுந்தது. ஜீ.எம். மூன்று தடவை முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஜாக்கெட்டுகளை வாங்கிய கம்பனி அவற்றை ஒரு லொறி நிறையத் திருப்பி அனுப்பியது. ஏழு பேரில் நான்கு பேரை நிறுத்தப்போவதாகப் பட்டியல் ஒட்டினார்கள். முதல் பெயர் என்னுடையது.

அயனை நிறுத்திவிட்டு நின்றேன். ஜீ.எம். பட்டியலைப் படித்தார். உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்க் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தார்.

"பழுதான ஜாக்கெட் ரெண்டைத் தூக்கிக்கொண்டு வா" என்றார்.

அவர் பேசிய பிரெஞ்சு, ரேடியோவில் ஹொக்கிச் செய்தி கேட்டுப் பழகியது. முதலாளியின் அறைக்குப் போய், 'மிஸ்யூ' என்று பிரெஞ்சு மரியாதையோடு தொடங்கி அவர் சொன்னது இதுதான்: "மிஸ்யூ, நாலு பேரை அனுப்பினால் நாளைக்கு ஆர் விளையாடுறது? மேலை இருக்கிறவனை மாத்துங்கோ. வாங்கிறவைக்குக் கடிதம் எழுதுங்கோ, நிர்வாகத்தை மாத்திப்போட்டம் எண்டு. அவை கொஞ்ச நாள் கத்தமாட்டினம்."

"மேலே இருப்பவன் நீதானே?" என்றார் முதலாளி.

"ஓம்."

"அயன் பழுது என்று எழுதித் தந்தவனும் நீதானே?"

"அது வேறை கதை, மிஸ்யூ. நாங்கள் இப்ப தோத்துக்கொண்டிருக்கிறம்."

முதலாளி பட்டியலைக் கிழித்தார்; அந்த நாலு பேருக்குப் பதிலாக ஜீ.எம்மை வேலையிலிருந்து நிறுத்தினார். நான் ஜாக்கெட்டுகளைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். அயன் பழுது என்று அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு அது பிரச்சினையாகத் தெரியவில்லை.

"புதுசா வாறவனுக்கு ஒத்துழையுங்கோ. முதல் மாசம் பாவம் அவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதியவர் வந்த முதல் கிழமையே அயனைத் திருத்தினார்கள். என் கடிதமும் கிடைத்தது. வாடகைக்குக் காசு முட்டவில்லை என்று ஜீ.எம். வீட்டை விட்டுப் போனார். புவாண்ட்-கிளேரில் ஒரு குடோனில் பெட்டி ஏற்றுகிறார் என்றார்கள். பிறகு அங்கேயும் இல்லை என்றார்கள்.

அடுத்த வருடம் மனைவியும் மகளும் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். மகள் என்னை அடையாளம் தெரியாமல் தாயின் சேலைக்குள் ஒளிந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு, வரவேற்க வந்த சனத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்று அவர்கள் வருகிறார்கள் என்று ஜீ.எம்முக்குத் தெரிய வழியே இல்லை.

"ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டாள் மனைவி.

"ஒருத்தரையும் இல்லை" என்றேன். ஆனாலும் சனம் கலையும்வரை பெட்டிகளைத் தள்ளாமல் நின்றுகொண்டிருந்தேன்.