பக்கத்து வீட்டுச் சூடு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீடு எதற்கு என்றே தெரிவதில்லை. வாடகை கொடுத்து ஒரு வீட்டைப் பிடிப்பது, பிறகு அதற்குள்ளேயே கம்பளிக் குல்லாவும் கையுறையும் மாட்டிக்கொண்டு நடுங்குவது. நடுங்கத்தான் ஆசையென்றால் தெருவில் நடுங்கலாமே. அதற்கு வாடகை கிடையாது.

க்ளிஃப் ஸ்டேதர்ஸ் இப்படித் திட்டிக்கொண்டேதான் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பனிக்கட்டி.

ஹல் நகரத்தில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். இவருடைய சுவர்தான் மாணவர்கள் வீட்டுக்கும் சுவர். போன குளிர்காலம் முழுக்க அந்தச் சுவர் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருந்தது. கட்டிலை அதோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சாய்த்து, தன் வீட்டு ஹீட்டரைத் தொடாமலே காலத்தை ஓட்டிவிட்டார்.

தொடுவதில்லை என்பது சபதம். கேஸ் கம்பெனிக்காரன் புது மீட்டர் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தான். அது தானாகவே ஆபீசுக்குத் தகவல் சொல்கிறதாம். வீட்டுக்குள் ஒற்றனை உட்கார்த்திவைத்துக்கொண்டு ஹீட்டர் போடுகிற ஆள் இல்லை க்ளிஃப். ஆனால் விதர்ன்சீயில் இருக்கும் தங்கை மாவிஸ் விடுவதாக இல்லை.

"கிறிஸ்துமசுக்கு வருவேன். வீடு சில்லுன்னு இருந்துச்சுன்னா, உன்னை மூட்டை கட்டி எங்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் இரண்டு கிளிகள். இரண்டும் அவளை மாதிரியே பேசும்.

ஆகவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ஃப்ளோரா திறந்தாள். தெற்கே கென்ட் பக்கத்துப் பெண். மெத்தைப் போர்வையை உடம்பில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, ஹீட்டர் ரிப்பேரா?"

"இல்லியே. நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் போடறதுக்கென்ன?"

"நவம்பர் பொறக்கறவரைக்கும் போடறதில்லன்னு ஒப்பந்தம், மிஸ்டர் ஸ்டேதர்ஸ். யாரு மொதல்ல தொடறாங்களோ அவங்கதான் வருஷம் பூரா கக்கூஸ் கழுவணும். இந்தத் தெருவுல எல்லா ஸ்டூடண்ட் வீட்லயும் இப்படித்தான்."

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓசாஸ் எட்டிப் பார்த்தான். லாகோஸிலிருந்து எஞ்சினியரிங் படிக்க வந்தவன். "அங்கிள், எம் மூக்கு இன்னும் மூஞ்சிலதான் இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"இருக்கு. நீலமா இருக்கு."

"பரவால்ல. நான் தொடமாட்டேன். அந்தக் கக்கூஸை நீங்க பாத்ததில்ல."

நவம்பர் பிறந்தது. சுவர் சூடாகவில்லை. போய்க் கேட்டால், உடம்புக்குப் பழகிவிட்டதாம், ஒப்பந்தத்தைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் நீட்டித்துவிட்டார்களாம்.

க்ளிஃப் விடவில்லை. மீன் துறைமுகத்தில் விறைத்துப்போன காட் மீனை இறக்கிய கை அது. இரண்டு பொடிசுகளிடமா தோற்கும்?

"தண்ணிக் கொழாய் உறைஞ்சு வெடிக்கும். அப்பறம் வீடு மொத்தமும் குளம்தான், பாத்துக்கங்க" என்று பயமுறுத்தினார்.

பயந்தார்கள். பயந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். மறுநாள் ஒரு ஆள் வந்து குழாய்களுக்கெல்லாம் மெத்தை சுற்றினான். சும்மா இராமல் பொதுச்சுவர் நெடுகத் தடித்தடியாய்ப் பஞ்சுப் பலகையும் அடித்துவிட்டுப் போனான். இனி அந்தப் பக்கம் எரிமலையே வெடித்தாலும் இந்தப் பக்கம் வராது போலிருந்தது.

க்ளிஃப் அப்போதும் விடவில்லை. "பூசணம் பிடிக்கும். வீட்டை மூடி வச்சு சூடா வச்சுக்கலைன்னா நுரையீரலுக்குள்ளயே பூசணம் முளைச்சிடும்."

ஃப்ளோரா போனைத் தட்டிப் பார்த்தாள். "பூசணத்துக்குக் காத்தோட்டம்தான் மருந்துன்னு போட்டிருக்கு. ரொம்ப நன்றி, மிஸ்டர் ஸ்டேதர்ஸ்."

அன்றிலிருந்து எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. ஹம்பர் ஆற்றுக் காற்று ஒரு வழியாகப் புகுந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு வழியாக வெளியேறியது. சுவர் வேர்க்க ஆரம்பித்தது, குளிரில். க்ளிஃப் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்தார்.

கடைசியில் வாய் தவறிவிட்டது. "ஹீட்டரைப் போட்டுத் தொலைங்கடா. எனக்குக் குளிருது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃப்ளோராவின் கண் கலங்கியது. அதுதான் ஆபத்து என்று க்ளிஃபுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அங்கிள், எங்ககூட லைப்ரரிக்கு வந்துடுங்க" என்றான் ஓசாஸ். "அங்க ஏழாவது மாடியில நெருப்பு மாதிரி இருக்கும். நாங்க காலைல போனா ராத்திரிதான் வர்றோம்."

"படிக்கவா?"

"மொதல்ல கை கால் சூடாகணும். படிப்பெல்லாம் அப்பறம்."

"என்னைப் புத்தகத்துக்கு நடுவுல உட்கார வைக்கப் பாக்குறியா? போடா."

ஃப்ளோரா அதோடு விடவில்லை. மறுநாள் தெருவில் ரோந்து வந்த போலீஸ்காரப் பெண் மாண்டியை நிறுத்தி, பக்கத்து வீட்டுப் பெரியவர் குளிரில் செத்துவிடுவார் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

மாண்டி கையில் கம்பளியோடு வந்து நின்றாள், பின்னாலேயே ஃப்ளோராவும் ஓசாஸும். க்ளிஃப் வாசலை விட்டு நகரவில்லை. தெருவில் இந்த இரண்டு பேரைத் தவிர யாரோடும் பேசாதவர், போலீசோடு மட்டும் பேசிவிடுவாரா என்ன.

"க்ளிஃப், உங்க தங்கச்சி நம்பர் குடுங்க. வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

இரண்டு கிளிகளும் ஒரே நேரத்தில் காதுக்குள் கத்தின. க்ளிஃபுக்குக் கோபம் பொங்கியது.

"தப்பு எம்மேல இல்லம்மா. இதுங்கமேல. போன வருஷம் இருந்த பசங்களைப் பாத்திருக்கியா நீ? அதுங்கதான் ஸ்டூடண்ட்டு. பாட்டு கிடையாது, குடி கிடையாது. திரையை இழுத்து விட்டுட்டு வெளியவே வராதுங்க. ராப்பகலா லைட் எரியும், அப்படிப் படிப்பு. வீட்டைக் கதகதன்னு வச்சிருப்பானுங்க. பரீட்சை முடிஞ்சுது, ஜூன் மாசம் நான் தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள சத்தமில்லாமக் கெளம்பிட்டானுங்க. போய்ட்டு வரேன்னுகூட யாரையும் தொந்தரவு பண்ணல."

ஃப்ளோராவும் ஓசாஸும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாண்டி அவர்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கம்பளியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"க்ளிஃப், அவங்களைக் கெளப்பினதே நாங்கதான். ஸ்டூடண்ட்டும் இல்ல, பரீட்சையும் இல்ல. கதவை உடைச்சு உள்ள போனா, மாடி பூரா அனல் கக்கற விளக்கு போட்டுக் கஞ்சாச் செடி வளத்துட்டிருந்தாங்க."

க்ளிஃப் கதவைப் பாதி மூடினார்.

"தோட்டக்கலையும் ஒரு படிப்புதானே" என்று சொல்லிவிட்டு, கம்பளியை வாங்காமலே உள்ளே போனார்.