நீலச் சட்டை ஆணை

மனித குலம் கண்ட சாதனைகளில் தலையாயது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயில் காவல்தான். அங்கேயே குடியிருந்த பாதுகாப்புத் தலைவர் தாமே ஆய்ந்து அறிவித்த முடிவு இது என்பதால், மறுத்துப் பேச இடமில்லை. காவலர்கள் அவரைக் கழுகு என்பார்கள், அவர் காதில் விழும்படியே.

அந்தக் கழுகின் கண்ணிலும் ஒருவன் மண்ணைத் தூவினான். நீலச் சட்டை, கையில் பெட்டி. "மூணாவது மாடி அம்மாவோட தம்பி" என்றான். உள்ளே போனவன் இரண்டு மடிக்கணினிகளோடு திரும்பினான். போகிற போக்கில் கழுகுக்கு ஒரு வணக்கமும் வைத்தான். மறுநாளே ‘நீலச் சட்டை ஆணை’ பிறந்தது: நீலச் சட்டை அணிந்த எவரும் அடையாள அட்டையின்றி உள்ளே வரலாகாது.

சில நாளில் தலைவரின் மகள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, துரும்பாக இளைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"சர்க்கரை நோய். ஆனா இனிப்பு தின்னு வந்தது இல்ல," என்றார் டாக்டரம்மா. "கிருமியை அடிக்க வேண்டிய காவல் அணுக்கள், கணையத்துல இன்சுலின் செய்யற அணுக்களையே அந்நியன்னு நெனச்சு அடிச்சிடுச்சு. இனி இன்சுலினை ஊசியாத்தான் போடணும். விட்டா உயிருக்கே ஆபத்து."

கழுகுக்குத் தொழில்முறைக் கோபம் வந்தது. "சொந்த வீட்டு ஆளை முகம் பார்த்தா தெரியாதா? என்ன காவல் இது? என்கிட்ட இருந்திருந்தா அன்னைக்கே தொப்பியைக் கழட்டியிருப்பேன்."

"ஏன் அப்படி ஆகுதுன்னு முழுசா தெரியல. பரம்பரையா ஒரு சாய்வு வரும். அதுக்கு மேல ஏதோ ஒண்ணு தூண்டிவிடணும். ஒரு கிருமியாகூட இருக்கலாம்."

"பரம்பரைன்னா இவ பக்கம்தான்," என்று மனைவியைக் காட்டினார்.

"உங்க ரெண்டு அக்காவுக்கும் தைராய்டு," என்றாள் மனைவி.

"தைராய்டெல்லாம் இதுல சேராது."

"சேரலாம்," என்றார் டாக்டரம்மா. "அதுவும் பல நேரம் இதே காவல்காரங்க வேலைதான். பரம்பரை ரெண்டு பக்கமும் கலந்துதான் வரும்."

விசாரணை முடியுமுன்பே தீர்ப்பு எழுதும் ஆற்றல் கழுகுக்கு உண்டு. அன்றோடு மனைவியின் தம்பியான மைத்துனனிடம் பேச்சை நிறுத்தினார்.

ஒரு மாலை வாயில் அறைக்குள் காவலர் ஒருவர் தலையை நீட்டினார். "சார், ஒரு நீலச் சட்டை. கையில ஐஸ் பெட்டி, அட்டை இல்ல. உங்க மச்சான்னு சொல்றார்."

"போன தடவை வந்தவனும் தம்பின்னுதான் சொன்னான்."

"பார்க்கவும் உங்க மச்சான் மாதிரியேதான் இருக்கார்."

"அதான்யா சந்தேகம். உட்கார வை."

சற்று நேரத்தில் மனைவியின் போன். "தம்பி வந்துட்டானா? ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய், உள்ள இருந்த இன்சுலின் எல்லாம் வீணாப் போச்சுங்க. புதுசு வாங்கக் கையில காசைக் குடுத்து அவனைத்தான் ஓட வெச்சேன். அவன் போன், அட்டை வெச்சிருந்த பர்ஸ் எல்லாம் இங்கேயே கிடக்கு. பாப்பா ஊசிக்காகத் தட்டு முன்னாடி உட்கார்ந்திருக்கா."

கழுகு வெளியே வந்தார். பெஞ்சில் மைத்துனன். மடியிலிருந்த பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் மாமா."

முகம் தெரிந்தது. அந்த முகத்தில் மகளின் மூக்குகூடத் தெரிந்தது. ஆனால் சுற்றிலும் காவலர்கள், ஆணை பிறப்பித்தவரையே பார்த்தபடி நின்றார்கள்.

தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அட்டை இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.