ஓட்டெடுப்பு நேரத்தில் துக்கத்துக்குப் போனவர்

உங்கள் பக்கம் நிற்கிற மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? உங்கள் பக்கத்தில்தானே நிற்கிறார்! உங்கள் எதிரியைக் கேட்டுப் பாருங்கள், அவனுக்கும் தெரிந்திருக்கும். அவன் பக்கத்திலும் அவரேதான் நிற்கிறார். கவுன்சில் என்று ஒன்று இருக்கிற ஊரிலெல்லாம் இந்த ஜீவன் உண்டு என்றாலும், அயர்லாந்தில், அதிலும் ஒரு மாதா கோயிலும் மூன்று பப்பும் ஒரு ரவுண்டானாவும் உள்ள எங்கள் பாலிகிரின் போன்ற ஊர்களில், மழையும் மண்ணும் ஒத்துக்கொண்டு கொழுகொழுவென்று வளர்கிறது. உள்ளூர் வாரப் பத்திரிகைக்காகக் கவுன்சில் கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனதற்குப் பதிலாக, இந்த இனத்தை மிக அருகில் வைத்துப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அடையாளம் சொல்கிறேன். கை குலுக்கும்போது வலது கையால் உங்கள் கையையும் இடது கையால் உங்கள் முழங்கையையும் பிடித்துக்கொள்வார், தப்பிக்க முடியாது. நீங்கள் பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கி, உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதுதான் தன் ஆயுளின் ஒரே கவலை என்பதுபோல் கேட்பார். கார் டிக்கியில் பளபளக்கும் மஞ்சள் மேல்சட்டை ஒன்று, சாலை வேலைக்கு. முன்பெட்டியில் கறுப்பு டை ஒன்று, சாவுக்கு. இந்த இரண்டு துணியையும் வைத்துக்கொண்டே ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் கவுன்சிலராக இருந்துவிட முடியும்.

எங்கள் ஊர் மாதிரிக்குப் பெயர் ஃபின்டன் கில்மார்டின். தெருவில் குழி விழுந்தால் மனிதர் அங்கே ஆஜர். மஞ்சள் சட்டையோடு குழியருகே குந்தி, பிள்ளையைப் பறிகொடுத்த முகத்தோடு, சுட்டுவிரலை நீட்டி ஒரு படம். சில மாதம் கழித்துத் தார் வண்டி தன் முறைப்படி அந்தத் தெருவுக்கு வரும். உடனே அதே இடத்தில் நின்று, கட்டைவிரலை உயர்த்தி இன்னொரு படம். இரண்டு படத்துக்கும் நடுவில் அவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? சவரம் செய்துகொண்டார். இரண்டு படங்களையும் எங்கள் பத்திரிகை அருகருகே போட்டது. அந்த வெட்கக்கேட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு.

வீடு விஷயம் இதைவிட நேர்த்தி. யாருக்காவது கவுன்சில் வீடு ஒதுக்கப்பட்டால், கடிதம் தபாலில் சேர்வதற்கு முன்னால் அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு புண்ணியவான் கில்மார்டின் காதில் போட்டுவிடுவார். இவர் உடனே போனை எடுப்பார். "உனக்காக இன்னிக்கு அந்த ஆபீஸையே உலுக்கி எடுத்துட்டேம்மா. அவனுங்க மேஜையில குத்திட்டு வந்தேன். ரெண்டு நாள் பொறுத்துப் பாரு." இரண்டு நாளில் கடிதம் வராமல் எங்கே போகும்? அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் இவருக்கே ஓட்டுப் போடும்.

சாவு என்றால் கேட்கவே வேண்டாம். காலையில் உள்ளூர் வானொலி இறந்தவர்களின் பெயரை வாசிக்கும்போது எங்கள் ஊரில் தேநீர்க் கோப்பைகூட சத்தம் போடாது. கில்மார்டின் வீட்டில் பேனாவும் காகிதமும் தயாராக இருக்கும். அடக்கப் பூசைக்கு வரிசையில் நின்று, குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் முழங்கை சகிதம் பிடித்து, "பெரிய இழப்புங்க, பெரிய இழப்பு" என்று சொல்லி நகர்வார். இறந்தவரை அவருக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம். இருக்கிறவர்களுக்கு ஓட்டு இருக்கிறதே, அது தெரியும்.

இதெல்லாம் பாதகமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம் என்று நானும் வெகுநாள் நினைத்தேன். பாதிரியார் வயல் விவகாரம் வந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

ஊர்க் கோடியில் சும்மா கிடந்த அந்த வயலில் பன்னிரண்டு வீடு கட்டக் கவுன்சில் திட்டம் போட்டது. அந்த வீடுகளில் ஒன்றுக்காகக் காத்திருந்தவள் நோலீன் டெம்சி. குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டதால், பள்ளிக்கூடம் போகும் மகள் ஈமரோடும் கைக்குழந்தை டாராவோடும் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியில் ஒரே அறையில் இருந்தாள். கவுன்சில் அனுப்பிய இடம். அடுப்பு கிடையாது. கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கிண்ண நூடுல்ஸ்; ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு கிண்ணம். ஈமர் கட்டிலில் குப்புறப் படுத்துப் பாடம் எழுதுவாள், குழந்தை அந்தத் தாளைக் கசக்கும். திட்டம் நிறைவேறினால் முதல் வீடுகளில் ஒன்று உனக்கு என்று அதிகாரி சொல்லியிருந்தார். நிறைவேறாவிட்டால் இந்த விடுதி இடமும் கோடைக்குள் போய்விடும்; மாவட்டத்தின் மறுகோடியில் உள்ள ஒரு தங்குமிடத்துக்கு மாற வேண்டியதுதான். ஈமருக்குப் பள்ளிக்கூடமும் போகும், சிநேகிதிகளும் போவார்கள். அவள் அப்போதுதான் திக்காமல் பேசத் தொடங்கியிருந்தாள், அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரின் தயவில்.

வயலை ஒட்டி செர்ரி லான் குடியிருப்பு. அங்கே டெர்மட் ப்ரெஸ்லின், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதிர்ப்புக் குழு ஒன்றை ஆரம்பித்தார். ஏழைகள் வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சே, சே! எங்கள் ஊரில் அப்படியெல்லாம் பேசுவார்களா? வௌவால்கள் என்றார்கள். ஆயுளில் ஒரு வௌவாலை அண்ணாந்து பார்த்திராத செர்ரி லான்காரர்கள் அந்த வசந்தத்தில் வௌவால் இனத்தின் நலனுக்காக இராப்பகலாகக் கவலைப்பட்டார்கள். பிறகு நடைபாதை போதாது என்றார்கள், சாக்கடை தாங்காது என்றார்கள், மாலை வெயில் மறையும் என்றார்கள். எங்கள் ஊரில் மாலை வெயில்!

கில்மார்டின் சனிக்கிழமைதோறும் கில்ராயின் பப்பில் பின்னறையில் மக்கள் குறை கேட்பார். அதற்கு இங்கே கிளினிக் என்று பெயர். வைத்தியம் எதுவும் நடப்பதில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை நான் இந்தப் பக்கம் பாரில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு.

"அங்க அடுப்பு கூட இல்லீங்க, கவுன்சிலர். டாராவுக்குப் பால் காய்ச்சறதுக்குக் கீழ ரிசப்ஷன்ல போய் நிக்கறேன். தர்மம் கேக்கற மாதிரி இருக்கு."

"எனக்குத் தெரியாதா நோலீன்? உங்கப்பாவ எனக்கு எவ்வளவு நாளாத் தெரியும்! அந்த வீடு வருது. நான் உன் பக்கம்தான்."

"ஓட்டெடுப்புல கை தூக்குவீங்கல்ல?"

"என்ன கேள்வி இது? ஈமர் எப்படி இருக்கா? நல்லாப் பேசறாளாமே. கெட்டிக்காரி!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். உள்ளே போனவர் ப்ரெஸ்லின். நாற்காலியில் சூடு ஆறியிருக்காது.

"ஃபின்டன், சுத்தி வளைக்காம சொல்லு. இந்த வீடுங்க வரக் கூடாது."

"டெர்மட், நீங்க சொல்லணுமா? பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு உங்களுது. நான் இருக்கற வரைக்கும் கவலைய விடுங்க. நான் உங்க பக்கம்தான்."

"வௌவால் பத்தி எழுதிக் கொடுத்திருக்கோம்."

"பாவம், வாயில்லா ஜீவன்" என்றார் கில்மார்டின், மிகுந்த உருக்கத்தோடு. அன்று நான் பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். என்னை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

அடுத்த வாரம் கோயில் மண்டபத்தில் பொதுக்கூட்டம். இடப்பக்கம் செர்ரி லான், வலப்பக்கம் நோலீனும் அவளைப் போல வீடில்லாதவர்களும். பின்னால் டீயும் ஹாம் சாண்ட்விச்சும். கில்மார்டின் எழுந்தார். "வீடு வேணும். வேணாம்னு சொல்றவன் மனுஷனே இல்ல!" என்றார்; வலப்பக்கம் கைதட்டியது. "அதுக்காக எங்க வேணா, எப்படி வேணா கட்டிட்டுப் போயிட முடியுமா?" இடப்பக்கம் கைதட்டியது. "குழந்தைங்க குளிர்ல இருக்கு!" வலப்பக்கம். "இங்க குடியிருக்கற ஜனங்களோட மனச யாராவது கேட்டாங்களா?" இடப்பக்கம். இப்படியே டென்னிஸ் பந்தாட்டம்போல் போய், கடைசியில் பாலிகிரின் வாழ்க என்ற அர்த்தத்தில் எதையோ சொல்லி முடித்தபோது மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்தவன் நான். திரும்பிப் படித்தால் தாளில் ஒன்றும் இல்லை.

நோலீன் மட்டும் கைதட்டவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"திங்கக்கிழமை ஓட்டு. நீங்க கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

"அருமையான கேள்வி!" என்றார் கில்மார்டின். "இத தைரியமாக் கேட்டதுக்கு நோலீனுக்கு எல்லாரும் ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். ப்ரெஸ்லினும்தான்.

திங்கட்கிழமை வந்தது. வருகைப் பதிவில் கில்மார்டின் கணீரென்று பெயர் கொடுத்தார். தெருவிளக்கு பற்றிப் பேசினார். நாய்க் கழிவு பற்றி மனம் வெதும்பினார். பாதிரியார் வயல் என்று தலைவர் உச்சரித்த உடனே, சட்டைப் பையிலிருந்து கறுப்பு டை வெளியே வந்தது. அவசரமில்லாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டார். "மன்னிக்கணும் தலைவரே. ஒரு துக்கம். குடும்பம் எதிர்பார்க்கும்" என்றார். எல்லோரும் தலை கவிழ்ந்தார்கள். எங்கள் நாட்டில் சாவுக்குப் போகிறவனை யாரால் தடுக்க முடியும்? பார்வையாளர் வரிசையில் இருந்த நோலீன் "ஓட்டுப் போட்டுட்டுப் போங்க!" என்று கத்தினாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கை தூக்கினார்கள். இரு பக்கமும் சரிசமம். அப்படி வந்தால் தலைவர் தன் விசேஷ ஓட்டைப் போடலாம்; போட்டார்; எதிராகப் போட்டார். கில்மார்டினின் கை ஒன்று உயர்ந்திருந்தால் அந்த ஓட்டுக்கு வேலையே இருந்திருக்காது. பன்னிரண்டு வீடும் போயின. ப்ரெஸ்லின் என் தோளைத் தட்டி, "ஜனநாயகம் ஜெயிச்சது. அப்படியே எழுதுங்க" என்றார்.

நோலீன் அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். துக்கம் கேட்கிற வரிசை வாசல்வரை நின்றது. நடுவில் கில்மார்டின், தலையைச் சாய்த்தபடி. அவள் போய் எதிரே நின்றாள்.

"யாரு செத்தது?"

"நோலீன், இது இடமில்ல..."

"யாரு செத்ததுன்னு கேட்டேன். எங்க வீட்ட விட்டுட்டு வந்தீங்களே, யாருக்காக வந்தீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சவப்பெட்டி மூடியிருந்தது. "அருமையான மனுஷன்" என்றார் தாழ்ந்த குரலில். "ஊருக்கே உழைச்சவர்."

பெட்டிக்கு அருகில் நின்ற பெண் நிமிர்ந்தாள். "உள்ள இருக்கறது எங்கம்மா" என்றாள். "பிலோமினா கோரிகன். உங்க வீட்டுக்கு எதிர் வீடு."

மனிதர் வெலவெலத்துப்போனார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் உங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு கையால் கோரிகன் மகளின் முழங்கையைப் பிடித்தார்; மறுகையால் நோலீனின் முழங்கையைப் பிடித்தார். "பெரிய இழப்பு" என்றார், இரண்டு பேருக்கும் பொதுவாக. பிறகு நோலீன் பக்கம் குனிந்து, "ஒன்னு மட்டும் மறந்துடாதம்மா. உனக்கு எதிரா நான் ஓட்டுப் போடல" என்றார். அது சுத்தமான உண்மை. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கோடையில் நோலீன் குழந்தைகளோடும் நான்கு பைகளோடும் மாவட்டத்தின் மறுகோடிக்குப் பேருந்து ஏறினாள். ஈமர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையசைத்தேன். "போ... போ... போயிட்டு வரேன்" என்றாள். அடுத்த தேர்தலில் கில்மார்டின் இதுவரை இல்லாத அளவு ஓட்டு வாங்கி முதலிடத்தில் வந்தார். செர்ரி லான் போட்டது. வீடு வாங்கியவர்கள் போட்டார்கள். தார் பார்த்தவர்கள் போட்டார்கள். கோரிகன் வீட்டில்கூட, "எப்படியோ, சாவுக்கு வந்தாரே" என்று போட்டார்கள். அவருக்கு எதிராக விழுந்திருக்கக்கூடிய ஓட்டு நோலீனுடையது. அவள் பெயர் எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் கில்மார்டினைத் திட்டுவது என் காதில் விழுகிறது. திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். திட்டி முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் சன்னலைத் திறந்து பாருங்கள். காலி மனை ஏதாவது தெரிகிறதா? அதில் நோலீன் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. இங்கே வீடு கட்டினால் உங்களுக்குச் சம்மதமா என்று அண்ணாந்து கேட்கிறாள்.

ஏன், எங்கே கிளம்பிவிட்டீர்கள்?