மூச்சு விடலாம் அப்பா

அன்றைக்குச் சென்னை ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள் அப்பா, நான், டெக்னீஷியன் பெண் ஒருவர். வராதவர் அம்மா. "டிகிரி படிச்சவன் நான் ஒருத்தன் போதும்மா" என்று தடுத்தவன் நானேதான். (எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி. அந்தத் திமிருக்கு பஸ்ஸில் தனி டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.)

அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷனைத் தாங்கும் பலம் இடது கீழறைக்கு இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் டாக்டர். பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நானும் இதய நிபுணர் ஆனேன். மூச்சு விட்டால் நெஞ்சு அசையும், படம் கலையும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்க வேண்டும். அவ்வளவுதானே?

ஊரில், பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறிக்குப் பக்கத்திலேயே கோச்சிங். கடிகாரம் அப்பாவுக்கு ஒத்துவராது. அதனால் அம்மா நெய்வாள், தறியின் குறுக்கே நாடா இருபது தடவை ஓடும்வரை அப்பா பாயில் படுத்து மூச்சடக்க வேண்டும்.

"பன்னெண்டுக்கு மேல முடியலபா."

"உள்ள யாரு இன்னா சொன்னாலும் வுடக்கூடாதுப்பா. வுட்டா ஃபெயிலு." (இதய நோயாளியிடம் சொல்கிறேன், பாவி.)

ஸ்கேன் அறையில் அந்தப் பெண் மைக்கில் சொன்னார்: "ஐயா, இது புது முறை. வேகமா படம் எடுத்துடும். மூச்ச அடக்க வேணாம், சாதாரணமா விடுங்க."

அப்பா ஏமாறவில்லை. மெஷின் தறிபோலத் தடதடத்தது. கண்ணாடி வழியே பார்த்தேன், நெஞ்சு எழவே இல்லை. பிறகு தூக்கிப்போட்டது. இருமல். படமெல்லாம் பாழ். மூன்று முறை.

"யாரு சார் இவருக்கு இப்டி சொல்லிக் குடுத்தது?"

நான் சுவரிலிருந்த விதிமுறைகளை ஊன்றிப் படித்தேன்.

நிறுத்தி வெளியே இழுத்தபோது உதடு நீலமாக இருந்தது. "இருபது வந்துடுச்சுபா. பாஸா?"

"மூச்சு விடலாம்பா" என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி எடுத்தார்கள். இந்த முறை அம்மாவும் வந்தாள். அப்பா மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருந்தார், சில நிமிஷத்தில் முடிந்தது. டாக்டர் என்னைத் திரைக்கு அழைத்தார். இதயத்தின் இடது கீழறை பலூன்போல விரிந்து கிடந்தது. சுருங்க வேண்டிய நேரத்தில் லேசாக நடுங்கியது. ஆபரேஷன் தாங்காது, மாத்திரைதான். என் கோச்சிங்கால் இல்லை, பல வருஷமாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

வெளியே அப்பா சட்டைப் பித்தானைப் போட்டபடி, "இன்னாபா சொல்றாரு?"

"பாஸ்பா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

அப்பா அடுத்த ஆடிவரை இருந்தார். இன்றும் வீட்டில் யாராவது கோபத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தால், "மூச்ச வுடுடா, உன்ன பாஸ் போட்டாச்சு" என்பாள் அம்மா. எல்லோரும் சிரிப்போம். நான் கொஞ்சம் தாமதமாக.

ஆபரேஷனுக்கென்று சேர்த்த பணத்தில் அந்த இரண்டு ஸ்கேனுக்குப் போனது மட்டும்தான் செலவு: பதினாறாயிரத்து முந்நூறு ரூபாய்.